எந்தப் பொட்டியிலும் ஓடும் மென்பொருள்கள்: விண்டோஸ் 10 வைத்திருப்போருக்கு ஒரு முழு வழிகாட்டி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனது. சோமனூர் தறி ஆபீஸ், திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட், ஈரோட்டு மஞ்சள் மண்டி, நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸ் என்று எங்கே போய்ப் பார்த்தாலும் மேசைமேல் இருப்பது 2015, 2016 வாக்கில் வாங்கிய கம்ப்யூட்டர். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. விண்டோஸ் 11 மட்டும் அதில் ஏறாது. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும்.

"ஏனுங், புதுசே வாங்கிப்போடறதுங்களா, இல்ல லினக்ஸ் போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். பொட்டியை அப்புறம் பார்த்துக்கலாம். முதலில் மென்பொருளை மாற்றுங்க. இப்போது இருக்கிற விண்டோஸிலேயே, விண்டோஸ், மேக், லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இலவச சிஸ்டம்) மூன்றிலும் ஓடுகிற மென்பொருள்களுக்குக் கையைப் பழக்கிக்கொள்ளுங்க. பழகிவிட்டால் அடியில் எந்த சிஸ்டம் இருந்தாலும் மேலே வேலை ஒன்றுபோலவே நடக்கும். கடைக்காரர் சொல்வதற்குத் தலையாட்ட வேண்டிய அவசரமும் இருக்காது. மைக்ரோசாஃப்டின் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்துகொண்டால் விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். பழகிக்கொள்ள அந்த அவகாசம் தாராளம்.

படி 1: எதைத் தொடுவதற்கும் முன்னால் ஒரு காகிதம்

பழைய பில் புக்கின் பின்பக்கம் போதும். ஒரு வாரத்தில் அந்தக் கம்ப்யூட்டரில் திறக்கிற புரோகிராம்களை எல்லாம் எழுதுங்க. அதில் யார் யார் உட்காருகிறார்களோ அத்தனை பேரையும் கேளுங்க. முதலாளிக்கே தெரியாத புரோகிராம் ஒன்று கணக்குப்பிள்ளையிடம் கட்டாயம் இருக்கும். எழுதியதை மூன்றாகப் பிரியுங்க: எங்கும் ஓடுவது, மாற்று கிடைப்பது, விண்டோஸை விட்டு நகராதது.

மூன்றாவது வகையில்தான் பல பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கணக்கு எழுதுகிற டேலி பிரைம் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. எம்ப்ராய்டரி டிசைன் போடுகிற வில்காமும் அப்படித்தான். ஜிஎஸ்டி தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் ஆஃப்லைன் கருவிகளில் சில எக்செல் மேக்ரோவில் (எக்செலுக்குள் தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) எழுதியவை. மைக்ரோசாஃப்ட் எக்செல் இல்லாமல் அவை நடக்கும் என்று நம்பாதீர்கள். ஆடிட்டர் ஆபீஸ் என்றால் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனும் (மின்னணுக் கையெழுத்து இருக்கிற யுஎஸ்பி சாதனம்) சேர்ந்துகொள்ளும். அந்த டோக்கனை ஓட்டும் டிரைவர் மென்பொருள் எந்தெந்த சிஸ்டத்துக்குக் கிடைக்கிறது என்பதை விற்றவரிடம் முன்னாடியே கேட்டுவிடுங்க.

"லினக்ஸ்ல டேலி ஓடுமுங்களாண்ணா?" என்ற கேள்வி தவறாமல் வரும். ஒயின் என்ற இடைமென்பொருளை வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 20-ஆம் தேதி ராத்திரி ஜிஎஸ்டிஆர்-3பி போட உட்காரும்போது அது மக்கர் பண்ணினால் யாரைக் கூப்பிடுவீர்கள்? டேலிக்காரர் "விண்டோஸ்ல போடுங்க"ன்னுதான் சொல்வார். அதனால் என் கணக்கு எளிது: நான்கு கம்ப்யூட்டர் இருக்கிற ஆபீஸில் ஒன்றை மட்டும் விண்டோஸ் 11 ஓடுகிற புதுசாக வாங்கி, டேலியையும் டோக்கனையும் அதில் வையுங்க. மற்ற மூன்றுக்கும் புதுசு வாங்குகிற செலவு மிச்சம்.

டிசைன் வேலைக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. கோரல் ட்ரா விண்டோஸிலும் மேக்கிலும் உண்டு, லினக்ஸில் இல்லை. இங்க்ஸ்கேப் மூன்றிலும் ஓடும், கோரல் ஃபைலையும் பெரும்பாலும் திறந்துவிடும். ஆனால் எழுத்தும் நிழலும் கொஞ்சம் இடம் மாறி நிற்கலாம். பிரிண்டிங்குக்கு அனுப்புமுன் கண் விழித்துப் பார்க்க வேண்டும். இங்க்ஸ்கேப்போடு இங்க்ஸ்டிச் என்ற இணைப்பைப் போட்டுக்கொண்டால் எம்ப்ராய்டரி மெஷின் படிக்கிற டிஎஸ்டி ஃபைலும் எடுக்கலாம், இலவசமாக. நாள் முழுக்க டிசைன் போடும் யூனிட்டுக்கு அது வில்காமுக்கு ஈடாகாது. வீட்டில் ஒரு தலை மெஷின் வைத்து பிளவுஸுக்கும் டீ ஷர்ட்டுக்கும் பூ போடுகிறவர்களுக்குப் போதும்.

படி 2: பேக்கப்

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். உலகமெங்கும் சொல்கிற கணக்கு இது. நம் ஊர் வழக்கில் சொன்னால்: கம்ப்யூட்டரில் ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் ஒன்று, வீட்டிலோ கூகுள் டிரைவிலோ ஒன்று. ஆபீஸில் உள்ள ஹார்டு டிஸ்க்கை அதே மேசை டிராயரில் வைத்தால் திருடனும் தீயும் இரண்டையும் சேர்த்தே எடுத்துப்போகும். பஞ்சு பறக்கிற இடங்களில் தீயைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

காப்பி எடுக்க ஃப்ரீஃபைல்சிங்க் நல்ல கருவி, மூன்று சிஸ்டத்திலும் ஓடும். இடப்பக்கம் உங்கள் ஃபோல்டர், வலப்பக்கம் ஹார்டு டிஸ்க். 'கம்பேர்' அழுத்தினால் எது புதுசு, எது மாறியது என்று காட்டும். 'சிங்க்ரனைஸ்' அழுத்தினால் மாறியது மட்டும் போகும். 'மிரர்' முறையை மட்டும் யோசித்துப் போடுங்க. இடப்பக்கத்தில் அழித்தது வலப்பக்கத்திலும் அழிந்துவிடும். தொடக்கத்தில் 'அப்டேட்' முறையே பத்திரம்.

ஹார்டு டிஸ்க்கையும் பென்டிரைவையும் எக்ஸ்ஃபேட் வடிவில் ஃபார்மட் பண்ணிக்கொள்ளுங்க. மூன்று சிஸ்டத்திலும் படிக்கும், எழுதும். பழைய ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது; கல்யாண வீடியோ பாதியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். என்டிஎஃப்எஸ் வடிவை மேக் படிக்கும், ஆனால் தானாக எழுதாது.

விட்டுப்போகிற இடங்கள் சில உண்டு. டெஸ்க்டாப்பிலேயே குவித்து வைத்த ஃபைல்கள், டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் வாட்ஸ்அப் பில்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், அவுட்லுக்கின் பழைய மெயில்கள். டேலிக்கு ஆல்ட் கீயோடு ஒய் அழுத்தினால் வருகிற டேட்டா மெனுவிலேயே பேக்கப் இருக்கிறது. அதையும் எடுங்க, டேட்டா ஃபோல்டரையும் தனியாகக் காப்பி பண்ணுங்க. பழைய கம்ப்யூட்டரை ஃபார்மட் போடுமுன் டேலி லைசென்ஸை அதிலிருந்து சரண்டர் செய்தால்தான் புதியதில் சிக்கலில்லாமல் ஆக்டிவேட் ஆகும். ஆபீஸில் இதை மறந்துவிட்டுப் பிறகு டேலி விற்ற பார்ட்னருக்கு போன் போடுகிறவர்கள் ஏராளம்.

பேக்கப் எடுத்தாயிற்று என்பது அதிலிருந்து ஒரு ஃபைலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகுதான்.

படி 3: எங்கிருந்து இறக்குவது

கூகுளில் பெயரை அடித்து முதலில் வருவதை அமுக்குவதுதான் பெரிய ஆபத்து. மேலே வருகிற விளம்பரங்களில் போலித் தளங்களும் கலந்திருக்கும். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருந்தால் அதிலிருந்தே எடுங்க. லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டில் என்றால் சாஃப்ட்வேர் மேனேஜர். இல்லாதபோது மட்டும் தயாரிப்பாளரின் சொந்தத் தளம். விஎல்சிக்கு வீடியோலேன் டாட் ஓஆர்ஜி, ஆபீஸுக்கு லிப்ரேஆபீஸ் டாட் ஓஆர்ஜி. செவன்-ஜிப்புக்கு 7 என்ற எண்ணுக்கும் ஜிப்புக்கும் நடுவே சிறு கோடு, கடைசியில் டாட் ஓஆர்ஜி. டாட் காம் அல்ல. மேக் வைத்திருப்பவர்கள் ஆப்பிள் சிலிக்கான், இன்டெல் என்று இரண்டு பட்டன் இருந்தால் 2020 கடைசியிலிருந்து வந்த எம் வரிசைக்கு முதலாவதை எடுக்க வேண்டும்.

கிராக் (காசு கொடுக்காமல் பூட்டை உடைத்து ஓட்டும் மென்பொருள்) விஷயத்தில் நான் கறார். ஆக்டிவேட்டர் என்று வருகிறது பாருங்க, ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கிறது. வீட்டுக்குள் வருகிறவன் நாயைக் கட்டச் சொன்னால் பரவாயில்லை, கொன்றுவிடச் சொன்னால் யோசிக்க வேண்டாமா? ஒரு பார்ட்டியின் எக்செல் முழுக்கப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ரான்சம்வேர் வருகிற வழிகளில் இதுவும் ஒன்று. இந்தக் கட்டுரையில் சொல்லும் மென்பொருள்கள் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை. தனியாக ஆன்டிவைரஸ் காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்றால், விண்டோஸோடு வரும் டிஃபென்டரை அணைக்காமல் வைத்திருந்தாலே வீட்டுக்கும் சிறு ஆபீஸுக்கும் போதும் என்பது என் எண்ணம்.

படி 4: லிப்ரே ஆபீஸ்

2010-இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது. டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு நடத்துகிறது. வீட்டுக்கும் கம்பெனிக்கும் ஒருபோல இலவசம். வேர்டுக்கு ரைட்டர், எக்செலுக்கு கால்க், பவர்பாயின்டுக்கு இம்ப்ரெஸ். போட்ட கையோடு மூன்று இடங்களைச் சரிபண்ணிவிட்டால் பிறகு குறை வராது.

ஒன்று, சேமிக்கும் வடிவம். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் என்று உள்ளே போய் டெக்ஸ்ட் டாக்குமென்டுக்கு வேர்டு வடிவையும் ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு எக்செல் வடிவையும் எப்போதும் என்று வைத்துவிடுங்க. இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸின் சொந்த வடிவான ஓடிஎஸ் ஃபைல் போய்ச்சேர்ந்து, சரக்கு வாங்கும் பையர் ஆபீஸிலிருந்து "ஃபைல் திறக்கலைங்க" என்று போன் வரும்.

இரண்டு, எழுத்துரு. வேர்டில் காலிப்ரியில் அடித்த கடிதம் இங்கே திறந்தால் வரி உடைந்து இரண்டாம் பக்கத்துக்கு ஓடும். கார்லிட்டோ என்ற எழுத்துரு காலிப்ரியின் அதே அகலத்தில் செய்தது, காலடியா கேம்ப்ரியாவின் அகலத்தில். லிப்ரே ஆபீஸோடு இவை பொதுவாகவே வரும். இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்க.

மூன்று, தமிழ். லிப்ரே ஆபீஸ் தமிழை ஆங்கிலத்திலிருந்து வேறாக, 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட்' என்ற கணக்கில் வைக்கிறது. ஆப்ஷன்ஸில் லாங்குவேஜஸ் பகுதிக்குப் போய் அதை டிக் பண்ணி மொழியைத் தமிழ் என்று வைக்காவிட்டால் எழுத்துருவும் அளவும் ஒன்று மாறும், ஒன்று மாறாது. ஃபார்மட், கேரக்டர் பெட்டியில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் தனித்தனி இடம் இருப்பதைப் பாருங்க. சங்க நோட்டீஸ் அடிப்பவர்கள் "தமிழ் மட்டும் பெருசாகவே மாட்டேங்குது" என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

கால்க்கில் பேங்க் ஸ்டேட்மென்ட் சிஎஸ்வியைத் திறக்கும்போது ஒரு பெட்டி வரும். அதை அவசரத்தில் ஓகே கொடுத்துத் தள்ளிவிடாதீர்கள். கேரக்டர் செட்டை யுடிஎஃப்-8 என்று வைத்து, அக்கவுன்ட் நம்பர், போன் நம்பர் இருக்கிற நெடுவரிசைகளைக் கீழே தேர்ந்தெடுத்து டெக்ஸ்ட் என்று மாற்றுங்க. இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் சைபர்கள் காணாமல் போகும்.

எக்செலில் பெரிய மேக்ரோ எழுதி வைத்து கூலி ஷீட் ஓட்டுகிற யூனிட்டுகள் அவசரப்பட வேண்டாம். லிப்ரே ஆபீஸ் சில மேக்ரோக்களை ஓட்டும், சிலவற்றில் முரண்டு பிடிக்கும். அந்த ஒரு ஷீட்டை மட்டும் டேலி இருக்கிற விண்டோஸ் கம்ப்யூட்டருக்குத் தள்ளிவிடுவது நல்லது.

படி 5: தமிழ்த் தட்டச்சு, பழைய எழுத்துரு

இங்கேதான் சிஸ்டம் மாறும்போது அதிகம் பேர் திணறுகிறார்கள். டிடிபி சென்டர்களிலும் பத்திர எழுத்தர் ஆபீஸ்களிலும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் வருஷக்கணக்காக அடித்து வைத்த ஃபைல்கள் கிடக்கின்றன. அவை திரையில் மட்டும்தான் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. எழுத்துரு அதன்மேல் தமிழ் வேஷம் போடுகிறது. சோதித்துப் பார்க்க வேண்டுமா, ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றுங்க. குப்பையான ஆங்கிலம் வந்தால் பழைய குறியீடு. தமிழாகவே நின்றால் எல்லாச் சிஸ்டத்துக்கும் பொதுவான யூனிகோடு. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றாயிற்று. இன்னும் பாமினியிலேயே இருந்தால் அந்த ஃபைலில் தேடவும் முடியாது, போனில் படிக்கவும் முடியாது.

மாற்றுவதற்கு விண்டோஸில் என்எச்எம் கன்வெர்ட்டர் இருக்கிறது; பிரவுசரிலேயே ஒட்டி மாற்றும் பக்கங்களும் உண்டு. பத்திரம், உயில் போன்றவற்றை முன்பின் தெரியாத பக்கத்தில் ஒட்டாதீர்கள். நடுவில் ஆங்கிலமும் சர்வே எண்ணும் கலந்த வரிகளைக் கன்வெர்ட்டர் மாற்றி அதையும் தமிழாக்கிக் குழப்பிவிடும். மாற்றியபின் எண்களை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். எல்லா ஃபைலையும் ஒரே மூச்சில் மாற்ற நினைக்காமல், எதைத் திரும்ப எடுக்கிறீர்களோ அதை அப்போது மாற்றினால் போதும்.

தட்டச்சுக்கு நான் சொல்வது தமிழ்99. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி அரசு ஏற்ற விசைப்பலகை அது. உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. 12 உயிர், 18 மெய், ஆய்தம் என்று 31 விசையில் 247 எழுத்தும் வரும். 'க'வை இருமுறை தட்டினால் முதல் 'க' தானாகப் புள்ளி பெற்று 'க்க' ஆகும். ங-வுக்குப் பின் க தட்டினால் 'ங்க' ஆகும். நம் பக்கத்துப் பேச்சில் 'ங்க' எத்தனை முறை வருமென்று உங்களுக்கே தெரியும், விரலுக்கு நிறைய மிச்சம். ஆங்கில ஒலியில் அடித்துப் பழகியவர்கள் அப்படியே தொடரலாம், தப்பில்லை. ஆனால் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கு தமிழ்99-ஐயே சொல்லிக்கொடுங்க.

விண்டோஸில் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் என்று போய்த் தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் கீபோர்டைத் தேர்ந்தெடுங்க. மாற்றுவதற்கு விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், கீபோர்டு, இன்புட் சோர்சஸ். அங்கே தமிழ்99-உம் அஞ்சலும் தயாராகவே இருக்கின்றன. லினக்ஸ் மின்ட்டில் கொஞ்சம் நடக்க வேண்டும். இன்புட் மெத்தட் என்ற செட்டிங்கில் ஐபஸை நிறுவி, சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்பதைச் சேர்த்து, ஒருமுறை லாக் அவுட் செய்து வந்தால் பட்டியலில் தமிழ்99 தெரியும். கீபோர்டு லேஅவுட் பட்டியலிலும் தமிழ்நெட்99 என்று ஒன்று இருக்கும். அதில் தானாகப் புள்ளி வைக்கும் வசதி சரியாக வராது, எம்17என் வழியே போங்க. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். எல்லாச் சிஸ்டத்திலும் போட்டுக்கொள்ளலாம்.

படி 6: பிடிஎஃப்பும் போட்டோவும்

ஆதார், பான், பேங்க் பாஸ்புக் மூன்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்க ஏதோ ஒரு இணையப் பக்கத்தில் ஏற்றுகிற பழக்கத்தை இன்றோடு விடுங்க. பிடிஎஃப்சாம் பேசிக் என்ற இலவசக் கருவி உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே சேர்க்கும், பிரிக்கும், பக்கத்தைத் திருப்பும். படிவத்தின் மேலே எழுதவும் கையெழுத்துப் படத்தை ஒட்டவும் சூர்னல் பிளஸ் பிளஸ். இரண்டும் மூன்று சிஸ்டத்திலும் உண்டு. சுமத்ரா பிடிஎஃப் மிக வேகமானதுதான், ஆனால் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதால் என் பட்டியலில் சேர்க்கவில்லை.

இறக்கிய இ-ஆதார் திறக்கவில்லை என்று தவிக்கிறவர்களுக்கு: பாஸ்வேர்டு என்பது ஆதாரில் உள்ளபடி பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருஷம். யாருக்காவது அனுப்புவதென்றால் முதல் எட்டு எண் மறைத்த மாஸ்க்டு ஆதாரையே இறக்கி அனுப்புங்க.

தேர்வு விண்ணப்பங்களில் போட்டோ 50 கேபிக்குள், கையெழுத்து 20 கேபிக்குள் என்று கேட்பார்கள். இதற்காகவே ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கிம்ப்பில் படத்தைத் திறந்து, இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜ் போய் அகலத்தைக் குறையுங்க. பிறகு ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் அஸ் கொடுத்து ஜேபிஜி என்று பெயர் வைத்தால் ஒரு பெட்டி வரும். அதில் ப்ரிவியூ காட்டச் சொல்லி டிக் பண்ணினால் ஃபைல் எத்தனை கேபி ஆகும் என்று அங்கேயே தெரியும். குவாலிட்டி கோட்டை நகர்த்தி வேண்டிய அளவுக்குக் கொண்டுவந்து சேமித்துவிடலாம்.

படி 7: பாஸ்வேர்டும் பிரவுசரும்

ஜிஎஸ்டி, இன்கம் டாக்ஸ், இ-வே பில், பிஎஃப், இஎஸ்ஐ, பேங்க். ஒரு சின்ன யூனிட்டுக்கே இத்தனை லாகின். மானிட்டரில் ஒட்டிய சீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு, கடைசியில் வருஷம் மட்டும் மாறும். கீபாஸ்எக்ஸ்சி எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் பூட்டி வைக்கும். அந்த ஃபைல் உங்களிடமே இருக்கும், எந்த சர்வருக்கும் போகாது. ஆபீஸுக்கு இதுதான் என் தேர்வு. குடும்பத்தில் ஆளுக்கு ஒரு போன், யாரும் ஃபைலைக் காப்பி பண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள் என்றால் பிட்வார்டன் வசதி. எதுவானாலும் மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்தால் திறப்பவர் யாருமில்லை. அதைக் காகிதத்தில் எழுதி பீரோவில் நகையோடு வையுங்க.

பிரவுசர் ஃபயர்ஃபாக்ஸ். யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் அதில் முழு பலத்தோடு ஓடும். குரோமில் விதிகள் மாறியதால் 2025-இலிருந்து அதன் லைட் வடிவம்தான். போலி 'டவுன்லோட்' பட்டன்கள் கண்ணில் படாமல் இருந்தாலே பாதி வைரஸ் வராது. அரசுத் தளங்கள் சில ஃபயர்ஃபாக்ஸில் முரண்டினால் அதற்கு மட்டும் குரோமோ எட்ஜோ பக்கத்தில் இருக்கட்டும்.

தூரத்திலிருந்து கம்ப்யூட்டரைப் பார்த்துச் சரிசெய்ய ரஸ்ட்டெஸ்க், எனிடெஸ்க் இரண்டும் மூன்று சிஸ்டத்திலும் ஓடும். கோவையில் படிக்கிற பையன் காங்கேயத்தில் இருக்கும் அப்பாவின் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய அருமையான வழி. அதே வழியைத்தான் திருடர்களும் எடுக்கிறார்கள். "இன்னிக்கு ராத்திரி கரன்ட் கட் ஆகிடும், இந்த ஆப்பைப் போடுங்க" என்று யாராவது கூப்பிட்டால் வைத்துவிடுங்க. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும்.

படி 8: போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு

திருப்பூரில் சாம்பிள் துணியின் போட்டோவை போனில் எடுத்து, தனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, கம்ப்யூட்டரில் இறக்கி, பையருக்கு மெயில் பண்ணுகிறார்கள். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், நூலிழை தெரியாது. லோக்கல்சென்ட் போட்டுக்கொள்ளுங்க. போன், கம்ப்யூட்டர் இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும், இன்டர்நெட்டே வேண்டாம், எடுத்த படம் எடுத்தபடி வந்து சேரும். ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ், மேக், லினக்ஸ் ஐந்திலும் இருக்கிறது. முதல் தடவை விண்டோஸ் ஃபயர்வால் கேட்கும்போது அனுமதி கொடுக்காவிட்டால் ஒன்றையொன்று பார்க்காது. அவ்வளவுதான் சூட்சுமம்.

மீதிச் சில்லறையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பாட்டு, படம், பஸ்ஸில் எடுத்த சிசிடிவி பதிவு எதுவானாலும் விஎல்சி. கோயில் கும்பாபிஷேகப் பேச்சை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி. திரையைப் பதிவுசெய்து பாடம் நடத்த ஓபிஎஸ். மெயிலுக்கு தண்டர்பேர்டு. வீட்டு வரவு செலவுக்கு ஜிஎன்யூகேஷ். இரட்டைப் பதிவு முறை தெரிந்தவர்களுக்குப் பிடிக்கும், மற்றவர்கள் கால்க்கில் ஒரு ஷீட் போட்டுக்கொள்வதே நல்லது.

படி 9: இனி சிஸ்டம்

இந்த மென்பொருள்களில் ஒன்றிரண்டு மாதம் ஓட்டியாகிவிட்டால், படி 1 காகிதத்தில் மூன்றாம் வகை காலியாக இருக்கிற கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் போடலாம். புதுசாக பயப்பட ஒன்றுமில்லை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஆரம்பத்தில் வந்த லேப்டாப்களிலேயே விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சிடாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது; யாரும் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபி ரேம் மட்டும் இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 ஜிபி என்றால் சின்னமன்.

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று எடுங்க, அதில் இருப்பதெல்லாம் அழியும். மின்ட்டை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, பலேனா எட்சர் என்ற கருவியால் பென்டிரைவில் எழுதுங்க. கம்ப்யூட்டரை அணைத்துப் போடும்போது டெல், லெனோவா என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 தட்டினால் பூட் மெனு வரும், பென்டிரைவைத் தேர்ந்தெடுங்க. இன்னும் எதுவும் நிறுவப்படவில்லை, பென்டிரைவிலிருந்தே ஓடுகிறது. இந்த நிலையிலேயே ஒரு மணி நேரம் செலவிடுங்க: வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்டர் அடிக்கிறதா, வெப்கேம் தெரிகிறதா.

பிரிண்டரை அழுத்திச் சொல்கிறேன். எச்பி பெரும்பாலும் செருகியதும் தெரிந்துவிடும். டாட் மேட்ரிக்ஸ் பல எப்சன் டிரைவரில் ஓடிவிடும். நம் ஆபீஸ்களில் எங்கும் இருக்கிற கேனன் எல்பிபி 2900 கேப்ட் என்ற தனி முறையில் பேசுவது; லினக்ஸில் அதை ஓட்டுவது பெரும்பாடு. அது இருந்தால் டேலி கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டு, மற்றவர்கள் பிடிஎஃப் அனுப்பி அடித்துக்கொள்வதே சுலபம்.

எல்லாம் சரியாக வந்தால் ஒரு செலவு மட்டும் செய்யுங்க: பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடுங்க. பத்து வருஷக் கம்ப்யூட்டருக்கு இதைவிடப் பெரிய வேகம் வேறெதிலும் கிடைக்காது. மின்ட்டை எஸ்எஸ்டியில் நிறுவுவதால் பழைய விண்டோஸ் அப்படியே ஹார்டு டிஸ்க்கில் இருக்கும். பிடிக்காவிட்டால் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். லேப்டாப்பில் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு போட்டிருந்தால் அதன் ரெகவரி கீயை முன்னாடியே எடுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிறகு அந்த டிஸ்க்கை வெளியிலிருந்து படிக்க முடியாது. நிறுவியதும் டைம்ஷிஃப்ட்டைத் திறந்து சிஸ்டம் ஸ்னாப்ஷாட்டை ஆன் பண்ணிவிடுங்க. அது சிஸ்டத்தை மட்டும் காக்கும். உங்கள் ஃபைல்களுக்கு ஃப்ரீஃபைல்சிங்க்தான்.

கழற்றிய ஹார்டு டிஸ்க்கில் கம்பெனி பெயர், தேதி எழுதி ஒட்டி பஞ்சு படாத பெட்டியில் போடுங்க. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அதில் எந்த வருஷக் கணக்கு இருக்கிறது என்று ஆடிட்டரிடம் கேட்காமல் காயலான் கடைக்கு எடைபோட வேண்டாம். போடும்போதும் ஃபார்மட் பண்ணியது போதாது, டிஸ்க்கில் துளை போட்டுக் கொடுங்க.